உயிர்வளி இருந்தும் திணறும் செல்: சிறுநீரகப் புற்றுநோயும் அதன் சிகிச்சையும்

பல புற்றுநோய்களில் மருந்து முதலில் வந்தது. அது ஏன் வேலை செய்கிறது என்ற விளக்கம் பின்னால் வந்தது. சிறுநீரகப் புற்றுநோயில் இந்த வரிசை மாறி நடந்தது. வழக்கமான கீமோதெரபி மருந்துகள் இந்தக் கட்டியிடம் பெரும்பாலும் எடுபடவில்லை. கதிர்வீச்சுக்கும் அது எளிதில் மசியவில்லை. அறுவை சிகிச்சையில் முழுதாக எடுக்க முடிந்தால் நோயாளி பிழைப்பார். பரவிவிட்டால் மருத்துவரிடம் கொடுப்பதற்கு அதிகம் இல்லை. 20ஆம் நூற்றாண்டு முடியும்வரை இதுதான் நிலைமை.

இந்த நிலையை மாற்றியவர்களில் முக்கியமானவர்கள் புற்றுநோய் மருந்து தேடிக்கொண்டிருந்தவர்கள் அல்லர். ஓர் அரிய பரம்பரை நோயின் மரபணுவைத் தேடியவர்கள், உடம்பு எப்படி ரத்தச் சிவப்பணுக்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கிறது என்று ஆராய்ந்தவர்கள், செல் எப்படி ஆக்சிஜன் குறைவதை உணர்கிறது என்று கேட்டவர்கள். மூன்று பாதைகளும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தபோது சிறுநீரகப் புற்றுநோயின் அடிப்படை விளங்கியது. இன்று இந்த நோய்க்குத் தரப்படும் முக்கியமான மாத்திரைகள் பலவும் அந்தப் புரிதலின் மீது நிற்கின்றன. அந்தப் புரிதல் எப்படி வந்தது, அது நோயாளிக்கு எந்த அளவு உதவுகிறது, எந்த இடத்தில் இன்னும் எட்டாமல் நிற்கிறது என்பதே இந்தக் கட்டுரை.

எந்த உறுப்பு, எந்த நோய்

ஒரு சிறுநீரகம் ஏறத்தாழ 10 முதல் 12 செ.மீ. நீளமும் 150 கிராம் எடையும் கொண்டது. இவ்வளவு சிறிய உறுப்புகள் இரண்டுக்கும் சேர்த்து, இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. ஒவ்வொன்றிலும் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. இவை நாள் ஒன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவுக்கு மட்டும் சிறுநீராக வெளியேற்றிவிட்டு, மிச்சத்தை உடம்புக்கே திருப்பித் தருகின்றன. அந்தத் திருப்பிப் பெறும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது நெஃப்ரானின் முதல் வளைகுழல். பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோயின் பிரதான வகை இந்தக் குழலின் உட்சுவர்ச் செல்களில்தான் தொடங்குகிறது.

சிறுநீரகத்தில் வரும் கட்டிகள் எல்லாம் ஒன்றல்ல. குழந்தைகளுக்கு வரும் வில்ம்ஸ் கட்டி முற்றிலும் வேறு நோய். அதற்குக் கீமோதெரபி நன்றாகவே வேலை செய்கிறது. சிறுநீர் சேரும் அறையின் சுவரில் வரும் புற்றுநோய் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் உறவு. பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பது அளவுக்குக் குழல் செல் புற்றுநோய்களே. அவற்றிலும் நான்கில் மூன்று பங்கு 'தெளிசெல்' வகை. அடுத்து வருபவை பாப்பிலரி, குரோமோஃபோப் முதலிய வகைகள். எந்த வகை என்பதைப் பொறுத்து நோயின் வேகமும் மருந்தும் மாறும். ஆகவே திசுப் பரிசோதனை அறிக்கையில் முதலில் படிக்க வேண்டிய வரி அதுதான்.

அறுவை அரங்கிலிருந்து வந்த தெளிசெல் கட்டியை நோயியல் மேசையில் வைத்துக் குறுக்கே வெட்டினால், வெட்டிய முகம் பொன்மஞ்சளாகத் தெரியும். இடையிடையே ரத்தம் கசிந்த சிவப்புத் திட்டுகள், செத்துச் சாம்பல் நிறமான பகுதிகள். மஞ்சள் நிறத்துக்குக் காரணம் செல்களுக்குள் குவிந்திருக்கும் கொழுப்பு. திசுவை நுண்ணோக்கிக்குத் தயார் செய்யும்போது அந்தக் கொழுப்பும் கிளைக்கோஜனும் கரைந்து போய்விடுவதால், செல்லின் உட்புறம் காலியாக, தெளிவாகத் தோன்றுகிறது. கொழுப்பு நிறைந்த இந்தத் தோற்றத்தைப் பார்த்துத்தான் 1883இல் ஜெர்மானிய நோயியலாளர் பால் கிராவிட்ஸ், இது சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பியின் மிச்சங்களிலிருந்து வருகிறது என்று கருதினார். அந்தக் கருத்து தவறு என்று பிற்காலத்தில் நிறுவப்பட்டது. ஆனால் கொழுப்பும் ரத்தக் குழாய்களும் ஏன் இவ்வளவு என்ற கேள்விக்கு நூறாண்டுக்கு மேல் விடை இல்லை.

சத்தமில்லாமல் வளரும் கட்டி

உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 4.3 லட்சம் பேருக்குச் சிறுநீரகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். பெண்களைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது. பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல்.

சிறுநீரகம் வயிற்றறைக்குப் பின்னால், கொழுப்புப் போர்வைக்குள் ஆழமாக இருக்கிறது. கட்டி பல செ.மீ. வளர்ந்தாலும் கைக்குத் தட்டுப்படாது, வலிக்காது. சிறுநீரில் ரத்தம், விலாவோரம் வலி, கைக்குத் தட்டுப்படும் கட்டி என்று மூன்று அறிகுறிகளைப் பாடப்புத்தகங்கள் சேர்த்துச் சொல்லும். இந்த மூன்றும் ஒருங்கே இருப்பவர்கள் இன்று பத்தில் ஒருவருக்கும் குறைவு. அப்படி வருபவர்களுக்குப் பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். பித்தப்பைக் கல்லுக்கோ வயிற்று வலிக்கோ முழு உடல் பரிசோதனைக்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தென்படும் கட்டிகளே இன்று பாதிக்கும் மேல்.

சில நேரம் கட்டி வேறு வேடத்தில் வரும். திடீரென்று ஏறும் ரத்த அழுத்தம், காரணம் தெரியாத காய்ச்சல், எடை இழப்பு, ரத்தத்தில் கால்சியம் கூடுதல், ரத்தசோகை. சிலருக்கு நேர்மாறாகச் சிவப்பணுக்கள் அளவுக்கு மேல் பெருகுதல். ஆணுக்கு விதைப்பையின் இடப்புறம் புதிதாகச் சிரை புடைத்து, படுத்தாலும் வடியாமல் இருந்தால், இடது சிறுநீரகச் சிரையைக் கட்டி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நம் ஊரில் இந்த நோயைத் தாமதப்படுத்தும் பழக்கம் ஒன்று உண்டு. சிறுநீர் சிவந்து போனால் 'உடம்புச் சூடு' என்று இளநீரும் நீர்மோரும் குடிக்கிறோம். விலாவில் வலித்தால் 'கல்லடைப்பு' என்று வாழைத்தண்டுச் சாறு குடிக்கிறோம். கட்டியிலிருந்து கசியும் ரத்தம் பெரும்பாலும் இரண்டொரு நாளில் தானாக நின்றுவிடும். நின்றதும், குடித்த சாறுதான் குணமாக்கியது என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. அடுத்த முறை ரத்தம் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடலாம். வலியோடு வரும் ரத்தத்துக்குக் கல் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். வலியே இல்லாமல் வரும் ரத்தத்தைத்தான் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும்.

எதனால் வருகிறது

மூன்று காரணிகள் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டவை: புகைபிடித்தல், உடல் பருமன், உயர் ரத்த அழுத்தம். நீண்ட காலம் டயாலிசிஸ் செய்பவர்களின் சுருங்கிய சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள் உருவாகி, அவற்றில் சில புற்றாக மாறுகின்றன. உலோகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கப் பயன்படும் டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் சிறுநீரகப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்து, அதை முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது.

இன்னொரு காரணி தமிழர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டியது. அரிஸ்டோலோக்கியா இனச் செடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உள்ளது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மருந்து உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. அந்த மருந்தில் இந்த இனச் செடி கலந்திருந்தது கண்டறியப்பட்டது. அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. பால்கன் நாடுகளில் டான்யூப் ஆற்றங்கரைக் கிராமங்களைப் பல தலைமுறையாக வாட்டிய சிறுநீரக நோய்க்கும் இதே அமிலம்தான் காரணம். கோதுமையோடு இந்தச் செடியின் விதையும் சேர்ந்து அரைபட்டது. 2024இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு, 11 நாடுகளைச் சேர்ந்த 962 தெளிசெல் கட்டிகளின் மரபணுத் தொகுப்பை முழுதாகப் படித்தது. ருமேனியா, செர்பியா நோயாளிகளின் கட்டிகளில் இந்த அமிலம் விட்டுச் சென்ற தடம் பரவலாக இருந்தது. ஜப்பானியக் கட்டிகளில் வேறெங்கும் அரிதான இன்னொரு தடம் இருந்தது. அதை உண்டாக்கும் பொருள் எதுவென்று இன்னும் கண்டறியப்படவில்லை.

நம் நாட்டு மருத்துவத்தில் வழங்கும் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் இதே அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்தவை. மூலிகை என்பதாலேயே ஒரு செடி தீங்கற்றதாகிவிடாது. யூடியூப் பார்த்தோ பக்கத்து வீட்டார் சொல்லியோ இவற்றைப் பறித்து அரைத்துக் குடிப்பது சிறுநீரகத்தைப் பணயம் வைக்கும் செயல்.

கண்ணிலும் மூளையிலும் தொடங்கிய துப்பு

ஜெர்மானியக் கண் மருத்துவர் ஆய்கன் ஃபான் ஹிப்பல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விழித்திரையில் ரத்தக்குழாய்க் கட்டிகள் வரும் நோயாளிகளை விவரித்தார். 1926இல் சுவீடன் நோயியலாளர் அர்விட் லிண்டாவ், அதே நோயாளிகளுக்குச் சிறுமூளையிலும் அத்தகைய கட்டிகள் வருவதைத் தொடர்புபடுத்தினார். இருவர் பெயராலும் வழங்கும் இந்தப் பரம்பரை நோய் ஏறத்தாழ 36,000 பேரில் ஒருவருக்கு வருவது. இந்த நோயாளிகளில் பெரும்பங்கினருக்கு வயது ஏற ஏற இரு சிறுநீரகங்களிலும் தெளிசெல் புற்றுநோய் தோன்றுகிறது.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் மார்ஸ்டன் லினஹன் குழுவினர் இந்தக் குடும்பங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 1993இல் மூன்றாவது குரோமோசோமின் குட்டைக் கையில் அந்த மரபணுவைக் கண்டெடுத்தனர். அதற்கு விஎச்எல் என்று பெயர். அடுத்த ஆண்டே பெரிய செய்தி வந்தது: பரம்பரை நோய் இல்லாத, சாதாரணமாக வரும் தெளிசெல் புற்றுநோய்களிலும் பெரும்பான்மையில் இதே மரபணு பழுதாகியிருக்கிறது. அரிய நோய் ஒன்று பொதுவான நோயின் கதவைத் திறந்துவிட்டது.

விஎச்எல் செய்யும் வேலை என்ன? அதற்கான விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. மலையுச்சிக்குப் போனால் காற்றில் ஆக்சிஜன் குறைகிறது. சிறுநீரகம் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து சிவப்பணு உற்பத்தியைக் கூட்டுகிறது. ஆக்சிஜன் குறைந்ததைச் செல் எப்படி அறிகிறது என்று அமெரிக்காவில் கிரெக் செமென்ஸாவும் இங்கிலாந்தில் பீட்டர் ராட்கிளிஃபும் தேடினர். ஆக்சிஜன் குறைந்தால் மட்டும் செல்லில் தேங்கும் ஹிஃப் என்ற புரதத்தைச் செமென்ஸா கண்டறிந்தார். பாஸ்டனில் வில்லியம் கெய்லின் விஎச்எல் கட்டிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். இந்தக் கட்டிகளில் ரத்தக் குழாய்கள் மிகுந்திருப்பதும், சில கட்டிகள் எரித்ரோபொய்ட்டினையே சுரப்பதும் அவர் கவனத்தை இழுத்தன. ஆக்சிஜன் குறைந்த திசு செய்வதையெல்லாம் இவை செய்கின்றனவே என்று அவர் யோசித்தார்.

2001இல் கெய்லின் குழுவும் ராட்கிளிஃப் குழுவும் ஒரே நேரத்தில் விடையை வெளியிட்டன. ஆக்சிஜன் போதிய அளவு இருக்கும்போது ஒரு நொதி அந்த ஆக்சிஜனை எடுத்து ஹிஃப் புரதத்தில் ஓர் அடையாளத்தைப் பொருத்துகிறது. அந்த அடையாளத்தைப் பார்த்து விஎச்எல் புரதம் ஹிஃபைப் பிடித்து அழிவுக்கு அனுப்புகிறது. ஆக்சிஜன் குறைந்தால் அடையாளம் விழாது; ஹிஃப் அழியாமல் உட்கருவுக்குப் போய், புதிய ரத்தக் குழாய்களுக்கும் சிவப்பணுக்களுக்கும் ஆணையிடுகிறது. விஎச்எல் பழுதான செல்லில் ஆக்சிஜன் தாராளமாக இருக்கிறது, அடையாளமும் விழுகிறது. ஆனால் அழிக்க ஆளில்லை. கரண்ட் வந்த பிறகும் ஜெனரேட்டர் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டைப் போன்றது அந்தச் செல். ரத்தக் குழாய்களை வரவழைக்கிறது, கொழுப்பைச் சேமிக்கிறது, பெருகுகிறது. கட்டி ஏன் மஞ்சள், ஏன் ரத்தம் நிறைந்தது, சில நோயாளிகளுக்கு ஏன் சிவப்பணு கூடுகிறது என்ற கேள்விகளெல்லாம் இந்த ஒரே விளக்கத்தில் அடங்கின. 2019இல் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கு மேல் இன்னொரு செய்தியும் உண்டு. 2018இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கட்டிகளின் மரபணு மாற்றங்களைக் காலவரிசைப்படி எண்ணிப் பார்த்தனர். மூன்றாவது குரோமோசோமின் கை முறிவது, அதாவது முதல் பழுது, பலருக்குச் சிறுவயதிலோ பதின்பருவத்திலோ ஒரு சில செல்களில் நிகழ்ந்துவிடுகிறது என்று தெரிந்தது. அங்கிருந்து நோயாக வெளிப்பட நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. முதல் பழுது ஏற்பட்ட எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை. அந்த நீண்ட இடைவெளியில் புகை, பருமன், ரத்த அழுத்தம் ஆகியவை குறுக்கிடுகின்றன. தடுப்பதற்கான காலமும் அதுதான்.

கத்தி எவ்வளவு வெட்ட வேண்டும்

ஒற்றைச் சிறுநீரகத்தோடு மனிதர் உயிர்வாழ முடியும் என்பதே ஒரு காலத்தில் உறுதியில்லை. 1869 ஆகஸ்ட் 2 அன்று ஹைடல்பர்க் நகரில் குஸ்டாவ் சைமன், நாய்களில் பலமுறை செய்து பார்த்த பிறகு, சிறுநீர்க் கசிவால் அவதிப்பட்ட ஒரு பெண்ணின் சிறுநீரகத்தைத் திட்டமிட்டு அகற்றினார். அவர் பிழைத்தார். 1960களில் டொராண்டோவின் சார்ல்ஸ் ராப்சன், சிறுநீரகத்தோடு அதைச் சுற்றிய கொழுப்பு, உறை, அட்ரினல் சுரப்பி எல்லாவற்றையும் ஒருசேர எடுக்கும் முறையைப் பரப்பினார். 1990இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ரால்ஃப் கிளேமன் முதன்முறையாக லேப்ராஸ்கோப்பி வழியாகச் சிறுநீரகத்தை அகற்றினார்.

ஒருகாலத்தில் எவ்வளவு அதிகம் எடுக்கலாம் என்று கேட்டார்கள்; இன்று எவ்வளவு மிச்சம் வைக்கலாம் என்று கேட்கிறார்கள். கட்டி 4 செ.மீ.க்குள் இருந்தால், கட்டியை மட்டும் எடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் பகுதி அறுவையே முதல் தேர்வு. 7 செ.மீ. வரையிலும் இடம் பொருந்தினால் அது இயலும். இந்த அறுவையில் நேரம் முக்கியம். மருத்துவர் சிறுநீரகத் தமனியைக் கிடுக்கியால் பிடித்து ரத்த ஓட்டத்தை நிறுத்துகிறார், உறுப்பு வெளிறுகிறது. ஏறத்தாழ 25 நிமிடங்களுக்குள், நல்ல திசுவின் மெல்லிய விளிம்போடு கட்டியை வெட்டி எடுத்து, திறந்துபோன சிறுநீர் அறைகளையும் ரத்தக் குழாய் முனைகளையும் தைத்து, காயத்தின் இரு உதடுகளையும் இழுத்துச் சேர்க்க வேண்டும். அதற்கு மேல் நேரம் போனால் மிச்சம் வைத்த சிறுநீரகமே பாதிக்கப்படலாம். கிடுக்கியை விடுவித்ததும் உறுப்பு மறுபடி சிவக்கிறது.

நீரிழிவும் ரத்த அழுத்தமும் பெருகியுள்ள நம் சமூகத்தில் இந்த அறுவைக்கு மதிப்பு அதிகம். ஒரு சிறுநீரகத்தை முழுதாக இழந்தவரின் மறு சிறுநீரகத்தைச் சர்க்கரை நோய் அரிக்கத் தொடங்கினால், புற்றிலிருந்து தப்பியவர் டயாலிசிஸில் போய் நிற்கலாம்.

எல்லாக் கட்டிகளையும் வெட்ட வேண்டியதும் இல்லை. 4 செ.மீ.க்கு உட்பட்ட திடக் கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று புற்றே இல்லை. புற்றாக இருந்தாலும் பல சிறு கட்டிகள் ஆண்டுக்குச் சராசரியாகச் சில மில்லிமீட்டரே வளர்கின்றன. முதியவருக்கோ இதய நோயாளிக்கோ, குறித்த இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பது முறையான சிகிச்சையே. ஊசி வழியாகக் கட்டியை உறையவைத்தோ சுட்டோ அழிக்கும் முறைகளும் உண்டு. கதிர்வீச்சுக்கு மசியாது என்று கைவிடப்பட்ட இந்தப் புற்றுநோய்க்கு, துல்லியமாகக் குறிவைத்து அதிக அளவைச் சில தவணைகளில் செலுத்தும் புதிய கதிர்வீச்சு முறை பலன் தருவதை அண்மை ஆய்வுகள் காட்டியுள்ளன.

மறுபுறம், பெரிய கட்டி என்றாலே கைவிட வேண்டியதும் இல்லை. இந்தப் புற்றுநோய் சிரைக்குள் நுழைந்து, கீழ்ப் பெருஞ்சிரை வழியாகச் சில நோயாளிகளுக்கு இதயத்தின் வலது மேலறை வரை ஏறிவிடும். அந்த நிலையிலும், நோய் வேறெங்கும் பரவியிருக்காவிட்டால், கட்டியையும் சிரைக்குள் இருப்பதையும் சேர்த்து எடுத்து நீண்ட காலம் வாழவைக்க முடிகிறது.

அமெரிக்கப் பதிவேடுகளின்படி, நோய் சிறுநீரகத்துக்குள் அடங்கியிருக்கும்போது கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்தாண்டைக் கடந்து வாழ்கிறார்கள். நுரையீரல், எலும்பு, கல்லீரல், மூளை என்று பரவிய பின் வருபவர்களில் ஐந்தில் ஒருவர்கூடக் கடப்பதில்லை. சிலருக்குப் பத்தாண்டு கழித்தும் நோய் திரும்பியிருப்பதால், அறுவைக்குப் பின் தொடர் கண்காணிப்பைப் பாதியில் விடக் கூடாது.

மருந்துகள் மாறிய கதை

பரவிய நோய்க்கு முதலில் சிறிதளவு பலன் தந்தவை நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்துகள். 1992இல் அமெரிக்காவில் இன்டர்லூகின்-2 ஒப்புதல் பெற்றது. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் வைத்துத் தர வேண்டிய அளவுக்குக் கடுமையான மருந்து. ஏறத்தாழ ஏழில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது. மிகச் சிலருக்கு முற்றிலும் மறைந்து திரும்பாமலே இருந்தது. அந்த மிகச் சிலர்தான், இந்த நோயை உடம்பே வெல்ல முடியும் என்பதற்குச் சான்றாக இருந்தார்கள்.

ஹிஃப் ஆணையிட்டு உருவாகும் ரத்தக் குழாய்களைத் தடுக்கும் மாத்திரைகள் அடுத்து வந்தன. 2005 டிசம்பரில் சோராஃபெனிப், 2006 ஜனவரியில் சுனிடினிப். நோயெதிர்ப்பைத் தூண்டும் பழைய மருந்துகளில் ஒன்றான இன்டர்ஃபெரானில் சராசரியாக 5 மாதம் அடங்கியிருந்த நோய், சுனிடினிபில் 11 மாதம் அடங்கியது. இவற்றின் பக்கவிளைவுகளை வீட்டார் அறிந்திருக்க வேண்டும்: ரத்த அழுத்தம் ஏறும், உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து வலிக்கும், தைராய்டு குறையும், சோர்வு வாட்டும்.

மூன்றாவது அலை, நோயெதிர்ப்புச் செல்களைக் கட்டிப்போடும் தடைகளை நீக்கும் மருந்துகள். இந்த வழியைக் கண்ட ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹோஞ்சோவும் 2018இல் நோபல் பெற்றனர். சிறுநீரகப் புற்றுநோய்க்கு 2015இல் நிவோலுமாப் வந்தது. 2018இல் அதோடு இபிலிமுமாபைச் சேர்த்துக் கொடுத்தபோது, ஆபத்து கூடிய நோயாளிகளில் 42 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. 9 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் தெரியாத அளவுக்கு மறைந்தது. சுனிடினிபில் அது 1 சதவீதம். இன்று பரவிய நோய்க்கு நோயெதிர்ப்பு மருந்துகள் இரண்டையோ, நோயெதிர்ப்பு மருந்து ஒன்றோடு மாத்திரை ஒன்றையோ சேர்த்துத் தொடங்குவதே வழக்கம். அறுவைக்குப் பின் நோய் திரும்பும் ஆபத்து மிகுந்தவர்களுக்குப் பெம்ப்ரோலிசுமாப் கொடுத்தால் நான்கு ஆண்டுக்குப் பின் உயிரோடிருப்பவர்கள் 86 சதவீதத்திலிருந்து 91 சதவீதமாகக் கூடுகிறார்கள் என்று 2024இல் உறுதியானது. இந்த மருந்துகள் அவிழ்த்துவிட்ட எதிர்ப்புச் சக்தி சிலருக்குக் குடல், நுரையீரல், கல்லீரல் ஆகியவற்றையே தாக்கும். இந்த மருந்தில் இருப்பவருக்குப் பேதியோ மூச்சிரைப்போ வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எந்தக் கூட்டு என்று முடிவுசெய்ய உதவும் அளவுகோல் எளிமையானது: நோயாளி தம் வேலையைத் தாமே செய்ய முடியாதவரா, நோய் கண்டறிந்து ஓராண்டுக்குள் மருந்து தேவைப்பட்டதா, ஹீமோகுளோபின் குறைவா, கால்சியம், நியூட்ரோஃபில், தட்டணுக்கள் கூடுதலா. ஆறில் எதுவும் இல்லை என்றால் ஆபத்து குறைவு. மூன்றும் அதற்கு மேலும் என்றால் அதிகம். பரவிய நோயிலும் முதலில் சிறுநீரகத்தை எடுத்தே ஆக வேண்டும் என்ற பழைய விதியையும் 2018இல் பிரெஞ்சு ஆய்வு ஒன்று அசைத்தது. நடுத்தர, அதிக ஆபத்துள்ள நோயாளிகளில் சுனிடினிப் மட்டும் பெற்றவர்கள் அறுவையும் செய்துகொண்டவர்களைவிடக் குறைவாக வாழவில்லை.

கடைசியாக, நோயின் வேருக்கே போகும் மருந்து. ஹிஃப் புரதத்தின் ஒரு வகையான ஹிஃப்-2ஐ மருந்தால் பிடிக்க முடியாது என்றே நெடுங்காலம் கருதினர். டெக்சாஸின் டாலஸ் நகர ஆய்வாளர்கள் அந்தப் புரதத்தின் உள்ளே ஒரு சிறு குழிவைக் கண்டு, அதில் பொருந்தும் மூலக்கூறைத் தேடினர். அதிலிருந்து வளர்ந்த பெல்சுடிஃபான் 2021இல் விஎச்எல் பரம்பரை நோயாளிகளுக்கும், 2023 டிசம்பரில் பிற மருந்துகள் பலிக்காத சிறுநீரகப் புற்றுநோயாளிகளுக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதன் முக்கியப் பக்கவிளைவு ரத்தசோகை. ஹிஃபை அடக்கினால் எரித்ரோபொய்ட்டினும் குறையும்; ஆய்வகத்தில் கண்ட பாதை சரியே என்பதை நோயாளியின் ஹீமோகுளோபின் அறிக்கையும் சொல்கிறது.

மருந்து இருந்தும் எட்டாத நிலை

அறிவியல் திறந்த கதவை விலை மூடிவிடுவதை இந்த நோய் தெளிவாகக் காட்டியிருக்கிறது. சோராஃபெனிபை பேயர் நிறுவனம் இந்தியாவில் ஒரு மாதத்துக்குச் சுமார் 2.8 லட்சம் ரூபாய்க்கு விற்றது. தேவைப்பட்ட நோயாளிகளில் 2 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்டோருக்கே மருந்து போய்ச் சேர்ந்ததைச் சுட்டி, 2012 மார்ச்சில் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் இந்தியாவின் முதல் கட்டாய உரிமத்தை ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்கு வழங்கினார். அதே 120 மாத்திரைகளுக்கு விலை 8,880 ரூபாய் என்று நிர்ணயமானது. பேயரின் மேல்முறையீட்டைச் சென்னையில் இயங்கிய அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம், நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தலைமையில், 2013 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. பேயருக்கான உரிமத்தொகையை மட்டும் 6 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாக உயர்த்தியது. உச்ச நீதிமன்றமும் 2014இல் தலையிட மறுத்தது.

இன்று சுனிடினிப், பசோபனிப் போன்ற மாத்திரைகளை இந்திய நிறுவனங்களே குறைந்த விலையில் தயாரிக்கின்றன. ஆனால் அதிக நாள் வாழவைக்கும் நோயெதிர்ப்பு ஊசிகள் பெரும்பான்மைக் குடும்பங்களுக்கு எட்டாத தொலைவில் இருக்கின்றன. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரம்புள்ள முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அறுவையின் செலவைத் தாங்கலாம். ஆண்டுக்கணக்கில் தொடரும் ஊசிகளுக்கு அந்தத் தொகை போதாது. ஓர் உயிர்காக்கும் மருந்தை மக்களுக்கு எட்டும் விலைக்குக் கொண்டுவரச் சட்டம் இடம் தருகிறது என்று 2012இல் நிறுவினோம். அந்த வழியை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டிய நேரம் இது. அரசுகள் மொத்தக் கொள்முதலையும் உள்நாட்டு உற்பத்தியையும் அவசரப் பணியாகக் கருத வேண்டும்.

வாசகர் செய்ய வேண்டியது

எல்லோருக்கும் ஆண்டுதோறும் சிறுநீரக ஸ்கேன் எடுக்க மருத்துவம் பரிந்துரைக்கவில்லை. தீங்கற்ற கட்டிகளைக் கண்டு பயந்து, தேவையற்ற அறுவைக்கு அது வழிவகுக்கும். ஆனால் குடும்பத்தில் இரண்டு பேருக்குச் சிறுநீரகப் புற்றுநோய் வந்திருந்தாலோ, ஒருவருக்கே நாற்பது வயதுக்குள் வந்திருந்தாலோ, மரபணு ஆலோசனை பெற வேண்டும். மற்றவர்களுக்குப் புகையை விடுவதும், எடையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதும் கையில் உள்ள தடுப்பு. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டு வாசலில் வந்து பி.பி. பார்க்கும்போது கையை நீட்டுங்கள். அது இதயத்துக்கு மட்டுமான பரிசோதனை அல்ல.

ஸ்கேனில் கட்டி தெரிந்தால் மூன்று கேள்விகளைக் கேட்காமல் அறுவைக்குச் சம்மதிக்காதீர்கள். இது புற்று என்று எவ்வளவு உறுதி, திசுப் பரிசோதனை தேவையா? என் சிறுநீரகத்தைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் எடுக்க முடியுமா? இங்கே முடியாவிட்டால், எங்கே முடியும்? இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாக விடை தருவது மருத்துவரின் கடமை; வேறொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பது உங்கள் உரிமை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. சிறுநீரில் ஒரே ஒரு முறை, வலியே இல்லாமல், ரத்தம் வந்து நின்றுபோனாலும், அந்த வாரமே சிறுநீர்ப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் செய்துகொள்ளுங்கள். நம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இரண்டும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பெரும்பாலானோருக்கு அது கல்லாகவோ தொற்றாகவோதான் இருக்கும். புற்றாக இருக்கும் சிலருக்கு, அந்த ஒரு வாரமே உயிரைத் தீர்மானிக்கலாம்.